சம்பளப் பாக்கியை வாங்க எங்கே போவது: லேபர் ஆபீஸா, வக்கீல் நோட்டீஸா, கோர்ட்டா?

வேலையை விட்டு வந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது எல்லாத் தொழிலிலும் நடக்கிறது. திருப்பூரில் பவர்டேபிள் டெய்லருக்கு ஒரு சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவருக்கு இரண்டு மாதச் சம்பளமும் விடுப்புப் பணமும் நிற்கும். தொகை வேறு, பதில் ஒன்றுதான்: "அக்கவுன்ட்ஸில் இருக்கிறது, அடுத்த வாரம் பாருங்கள்." அடுத்த வாரம் கேட்டால் முதலாளி ஊரில் இல்லை. அதற்கப்புறம் போனையே எடுக்க மாட்டார்கள்.

தொழிற்சங்க அலுவலகத்தில் இப்படி வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, வக்கீல் நோட்டீஸ் விடலாமா, லேபர் ஆபீஸ் போகலாமா, போலீஸில் கொடுக்கலாமா என்பதைத்தான். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு என் பதில் லேபர் ஆபீஸ். மற்ற வழிகள் அதற்குத் துணையாக நிற்கும், அல்லது அந்த வழி பொருந்தாதவர்களுக்கு உதவும். ஏன் அப்படிச் சொல்கிறேன், யார் அந்த மீதி இரண்டு பேர் என்பதை விளக்குகிறேன்.

முதலில் சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பலரும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்தான் மனுப் போட முடியும். பாக்கி விழுந்த 12 மாதத்துக்குள் போட வேண்டும். அந்த இடத்தில் 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதில் சம்பள உச்சவரம்பு இல்லை. மேற்பார்வை, நிர்வாக வேலையில் இருப்பவர்களும் வருகிறார்கள். கோரிக்கை வைக்க 3 ஆண்டு அவகாசம். எல்லாவற்றையும்விட முக்கியமானது 17-ஆவது பிரிவு: நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், நிறுவனத்தை மூடினாலும், நீங்களே ராஜினாமா செய்தாலும், வர வேண்டிய சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். "எங்கள் பாலிசிப்படி செட்டில்மென்ட்டுக்கு 45 நாள்" என்று ஹெச்.ஆர். சொன்னால், அது அவர்களுடைய வழக்கம். சட்டத்தில் அப்படி இல்லை.

2025 நவம்பருக்கு முன்னாலேயே பாக்கி நின்றவர்கள் மட்டும் பழைய 12 மாதக் கெடுவை நினைவில் வைத்துக்கொண்டு இப்போதே மனுப் போட்டுவிடுவது நல்லது. கெடு தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதி, அதை மன்னிக்கும்படி கேட்கலாம். இரண்டு சட்டங்களிலும் அதற்கு இடம் உண்டு.

கணக்கு ஒரே தாளில்

எந்த வழியில் போவதானாலும் முதல் வேலை இது. தாள் சரியாக இல்லாதவர் எந்த வழியில் போனாலும் தடுமாறுகிறார்.

ஒரு கணக்கரை எடுத்துக்கொள்வோம். மாதம் 26,000 ரூபாய், 26 வேலை நாள், ஆக நாளுக்கு 1,000. போன மாதச் சம்பளம் முழுவதும் வரவில்லை: 26,000. இந்த மாதம் வேலை பார்த்தது 12 நாள்: 12,000. எடுக்காமல் மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பு 9 நாள்: 9,000. கூட்டினால் 47,000. பொங்கலுக்கு வாங்கிய அட்வான்ஸில் 5,000 இன்னும் கழிக்கப்படவில்லை. அதை நீங்களே கழித்துவிடுங்கள். மீதி 42,000. வங்கிக்கும் ஜி.எஸ்.டி. ஆபீஸுக்கும் அலைந்த வண்டிச் செலவுக்கு பில் கொடுத்தது 1,850 இருக்கிறது. இதைச் சம்பளம் என்று எழுதாமல் தனி வரியாக, "திருப்பித் தர வேண்டிய செலவு" என்று எழுதுங்கள். வேலைக்காகச் செய்த செலவைச் சட்டம் சம்பளத்தில் சேர்ப்பதில்லை. இரண்டையும் கலந்துவிட்டால், எதிர்த்தரப்பு அந்த 1,850-ஐப் பிடித்துக்கொண்டு மொத்தக் கணக்கும் தப்பு என்று வாதாடும்.

அட்வான்ஸை மறைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நிர்வாகத்தின் ஆள் கோப்பைத் திறந்து நீங்கள் கையெழுத்துப் போட்ட வவுச்சரை மேஜையில் வைத்தால், அதுவரை உங்கள் பக்கம் பேசிய அதிகாரியும் தயங்க ஆரம்பிப்பார். நோட்டீஸ் பீரியட் விஷயமும் அப்படித்தான். நியமனக் கடிதத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்து, நீங்கள் சொல்லாமல் வந்துவிட்டிருந்தால் அதை ஈடுகட்டப் பார்ப்பார்கள். அதற்கான பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

அப்புறம் ஆதாரம். சம்பளச் சீட்டு இல்லையே என்று பலர் பயப்படுகிறார்கள். பி.எஃப். இருந்தால் கவலை வேண்டாம். யூ.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணைப் போட்டு இணையத்தில் பாஸ்புக்கைத் திறந்தால் நிறுவனத்தின் பெயர், எந்த மாதம், எந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிசையாக வரும். முதலாளியே அரசுக்குக் கொடுத்த கணக்கு அது. "இவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்று சொல்பவர்கள் அந்த ஒரு தாளைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பி.எஃப். இல்லாதவர்களுக்குச் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, இ.எஸ்.ஐ. அட்டை, ஜிபே பதிவு, சூப்பர்வைசர் வேலை சொல்லி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உடன் வேலை பார்த்தவரின் வாக்குமூலம் எல்லாம் உதவும். வாட்ஸ்அப் உரையாடலைத் தேதியோடு எடுத்து வையுங்கள், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். புதிய சட்டத்தின் 59-ஆவது பிரிவுப்படி, பாக்கி இருக்கிறது என்று மனுப் போட்டால் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. நீங்கள் காட்ட வேண்டியது அங்கே வேலை பார்த்ததையும் உங்கள் சம்பளம் இவ்வளவு என்பதையும்தான்.

இன்னொன்று. "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளைப் பணம் வங்கியில் ஏறுவதற்கு முன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ரிலீவிங் லெட்டர் வேண்டும் என்ற அவசரத்தில்தான் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள். போடாமல் முடியாது என்ற நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே "தொகை இன்னும் வரவில்லை" என்று தேதியோடு உங்கள் கைப்பட எழுதி, அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் கடிதமும் வக்கீல் நோட்டீஸும்

முதல் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். கணக்குத் தாளை இணைத்து, எந்தத் தேதியில் வேலையை விட்டீர்கள், எவ்வளவு வர வேண்டும், ஒரு வாரத்துக்குள் இந்த வங்கிக் கணக்கில் போடவும் என்று அரைப் பக்கம் போதும். மின்னஞ்சலிலும் அனுப்பி, ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒப்புகையோடு அனுப்புங்கள். கோபத்தைக் கொட்டாதீர்கள், இந்தக் கடிதத்தை நாளைக்கு ஒரு அதிகாரி படிப்பார்.

வக்கீல் நோட்டீஸ் இதே வேலையை வக்கீலின் தாளில் செய்கிறது. அதற்கென்று தனியாகச் சட்ட பலம் எதுவும் கிடையாது. பதில் போடாமல் விட்டாலும் முதலாளிக்கு உடனே எதுவும் ஆகிவிடாது. ஆனால் சட்டப் பிரிவு வைத்திருக்கிற பெரிய நிறுவனங்களில் நோட்டீஸ் வந்தால் கோப்பு ஹெச்.ஆர். மேஜையிலிருந்து வேறு மேஜைக்குப் போகும், அங்கே யாராவது கணக்கைப் பார்ப்பார்கள். அதனால் தொகை லட்சங்களில் இருந்தால், நிறுவனமும் பெயருக்குப் பயப்படுகிற இடமாக இருந்தால், நோட்டீஸுக்குச் செலவழிப்பது சரி. 15,000 ரூபாய்ப் பாக்கிக்காகச் சின்னப் பட்டறை முதலாளிக்கு நோட்டீஸ் விட்டால், வக்கீலுக்குக் கொடுத்த பணமும் சேர்ந்துதான் போகும். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக லேபர் ஆபீஸ் போங்கள் என்பேன்.

பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். "உங்கள் செட்டில்மென்ட் பரிசீலனையில் இருக்கிறது, விரைவில் அனுப்புகிறோம்" என்ற ஒரு வரி மின்னஞ்சல்கூடப் பாக்கியை ஒப்புக்கொண்டதாக வாதிட இடம் தரும். காலவரம்புச் சட்டத்தின்படி, கெடு முடிவதற்குள் எழுத்தில் கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும்.

லேபர் ஆபீஸ்

இங்கே இரண்டு வேலை நடக்கிறது, அவற்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று புகார். மாவட்டத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கிறீர்கள். அவர்கள் நிர்வாகத்துக்குக் கடிதம் போடுகிறார்கள் அல்லது போன் செய்கிறார்கள். இரண்டு தரப்பையும் ஒரு நாள் வரச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவும், முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-இல் சொன்ன புகாரும் கடைசியில் இதே மேஜைக்குத்தான் வந்து சேரும். அதனால் அங்கே போவது வீண் என்று சொல்ல மாட்டேன். மனு எண் கிடைக்கும், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அலுவலகத்துக்கு வரும். ஆனால் அதையே முடிவான வழி என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இரண்டாவது, முறைப்படியான கோரிக்கை மனு. ஊதியச் சட்டத் தொகுப்பின் 45-ஆவது பிரிவின்கீழ் இதற்கென்று நியமிக்கப்பட்ட, கெசட்டட் தகுதிக்குக் குறையாத அதிகாரியிடம் போடுவது. இவர் விசாரித்து உத்தரவு போடுவார். பாக்கியோடு சேர்த்து அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு என்பது மேல்வரம்பு, அதை நம்பிக் கனவு காண வேண்டாம். ஆனால் பேச்சுவார்த்தையில் அந்த எண்ணுக்கு மரியாதை இருக்கிறது. 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். உத்தரவை மதித்துப் பணம் கட்டாவிட்டால் அதிகாரி வசூல் சான்று கொடுப்பார். நிலவரிப் பாக்கியை வசூலிப்பதுபோல் மாவட்ட நிர்வாகம் வசூலிக்கும். இந்தப் பலம் வக்கீல் நோட்டீஸுக்குக் கிடையாது.

இதற்கு வக்கீல் கட்டாயமில்லை. நீங்களே போடலாம், நீங்கள் உறுப்பினராக இருக்கும் பதிவு பெற்ற சங்கமும் போடலாம். ஒரே நிறுவனத்தில் பாக்கி நிற்கும் எத்தனை பேரானாலும் ஒரே மனுவில் சேரலாம். முடிந்தவரை சேர்ந்து போடுங்கள். தனியாக ஒருவர் மனு போட்டால் "அவர் வேலையில் சரியில்லை" என்ற கதை எடுபடும். ஒரே லைனில் இருந்த பலர் சேர்ந்து போட்டால் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

புகாரைக் கொடுத்துவிட்டு நிர்வாகம் இரண்டு வாய்தாவுக்கு வராவிட்டால், மூன்றாவதற்குக் காத்திருக்காமல் 45-ஆவது பிரிவு மனுவைப் போட்டுவிடுங்கள். கவுன்டரில் "24,000-க்கு மேல் சம்பளம் என்றால் இங்கே வராது" என்று யாராவது சொன்னால், பணிவாக, பிரிவு எண்ணைச் சொல்லி, மனுவைப் பெற்றுக்கொண்டு அத்தாட்சி தரும்படி கேளுங்கள். எந்த அறையில் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

பேச்சுவார்த்தை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், முதல் தடவை போகிறவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். சின்ன அறை, அதிகாரி மேஜைக்கு இந்தப் பக்கம் நான்கு நாற்காலி. நிர்வாகத்தின் சார்பில் முதலாளி வருவது அபூர்வம், ஹெச்.ஆர். மேனேஜரோ ஆடிட்டர் ஆபீஸ் பையனோ ஒரு கோப்போடு வருவார். முதல் வரி பெரும்பாலும், "வேலையை ஒப்படைக்காமல் போய்விட்டார் சார்." அடுத்தது, "லேப்டாப் சார்ஜர் வரவில்லை", அல்லது, "அவர் தைத்த பீஸ் ரிஜெக்ட் ஆகிவிட்டது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாதி கொடுத்துவிடுகிறோம், முடித்துக்கொள்ளலாம்." அதிகாரியும் உங்களைப் பார்ப்பார், அவருக்கும் கோப்பு முடிந்தால் சரி.

அந்த நிமிடத்தில் எடுக்க வேண்டிய முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போங்கள். என் கணிப்பில், முக்கால்வாசிக்கு மேல் அன்றைக்கே வங்கியில் ஏறுகிறது என்றால், வாடகை நிற்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. பாதிக்கு ஒப்ப வேண்டாம். பாதிக்கு ஒப்புக்கொண்டு, அதையும் இரண்டு தவணையாக, அதுவும் பின்தேதி செக்காக வாங்குவது ரொம்ப மோசம். செக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதன் எண்ணும் தேதியும் அதிகாரி எழுதும் குறிப்பில் வர வேண்டும். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு கைக்கு வரும்: வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட அவர்களுக்கு 15 நாள், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இந்தக் கெடுவில் ஒன்று தவறினாலும் அந்த வழி அடைபடப் பார்க்கும். இந்த நோட்டீஸை மட்டும் வக்கீலை வைத்தே அனுப்புங்கள்.

குறைகளையும் மறைக்கவில்லை. வாய்தா மேல் வாய்தா விழும். அதிகாரி மாறுவார், புதியவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். உத்தரவுக்கு மேல் முதலாளி அப்பீல் போகலாம், அதற்கு 90 நாள் இருக்கிறது. புது ஊரில் புது வேலையில் சேர்ந்தவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். அதனால்தான் சங்கத்துக்கு அதிகாரம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

எந்த லேபர் ஆபீஸ் என்பதிலும் கவனம் வேண்டும். வங்கி, காப்பீடு, ரயில்வே, துறைமுகம், விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு, சுரங்கம் போன்றவை மத்திய அரசின் வரம்பு. அங்கே மண்டலத் தொழிலாளர் ஆணையரிடம் போக வேண்டும், சமாதான் இணையதளத்திலும் புகார் போடலாம். மற்ற கடை, மில், பட்டறை, மென்பொருள் நிறுவனம் எல்லாம் மாநில அரசு.

கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர்கள்

செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏஜென்சி மூலம் லைனில் நிற்பவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் சம்பளம் கொடுக்காமல் போனால், யாருடைய வளாகத்தில் வேலை பார்த்தீர்களோ அந்த முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இது இருந்தது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆகவே மனுவில் ஏஜென்சியை முதல் எதிர்மனுதாரராகவும் பெரிய கம்பெனியை இரண்டாவது எதிர்மனுதாரராகவும் போடுங்கள். ஏஜென்சியின் விலாசம் ஒரு மாடி அறையாக இருக்கும், பூட்டிக்கொண்டு போய்விடலாம். பெரிய கம்பெனி அப்படிப் போக முடியாது.

தொழிலாளர் நீதிமன்றமும் சிவில் கோர்ட்டும்

தொழிலாளர் நீதிமன்றத்தில் பணம் கணக்கிட்டுத் தரும்படி மனுப் போடும் வழி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 2025 நவம்பர் 21 வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 33-சி(2) என்று பழைய தோழர்கள் சொல்வார்கள். உரிமை ஏற்கெனவே உறுதியாகி, தொகையைக் கணக்கிடுவது மட்டும் மிச்சம் என்றால் அது நல்ல வழி; உதாரணமாக, 12(3) ஒப்பந்தத்தில் (சமரச அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் போடும் ஒப்பந்தம்) ஏற்றிய சம்பளத்தைக் கொடுக்கவில்லை என்றால். வெறும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு அங்கே போனால் காலம்தான் ஓடும்.

ஆனால் உங்களை அநியாயமாக நீக்கிவிட்டார்கள், வேலையே திரும்ப வேண்டும் என்றால் விஷயம் வேறு. அப்போது சம்பளப் பாக்கியை மட்டும் துரத்திக்கொண்டு "முழு செட்டில்மென்ட்" தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், வேலையைக் கேட்கும் வழக்கு பலவீனமாகிவிடும். அந்த நிலையில் இருப்பவர் சங்கத்திடமோ வக்கீலிடமோ பேசாமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

சிவில் கோர்ட், நான் முதலில் சொன்ன அந்த இரண்டு பேருக்கு. ஒருவர், சம்பளத்தைவிட கமிஷன், இன்சென்டிவ், ஒப்பந்தத்தில் எழுதிய போனஸ் என்று பெரிய தொகை நிற்பவர். ஊதியச் சட்டம் கமிஷனைச் சம்பளத்தில் சேர்ப்பதில்லை. இன்னொருவர், "கன்சல்டன்ட்" என்று பெயர் வைத்து மாதா மாதம் பில் வாங்கிக்கொண்டு வேலை கொடுக்கப்பட்டவர். காலவரம்பு 3 ஆண்டு. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 4 லட்சம் கேட்டால் 12,000 ரூபாய், வக்கீல் செலவு தனி. எழுத்து மூல ஒப்பந்தமும் தீர்மானமான தொகையும் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளைப்படி சுருக்க முறை வழக்காகப் போடும்படி வக்கீலிடம் கேளுங்கள். அதில் எதிராளி எதிர்வழக்காட கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும், அதனால் வீண் இழுத்தடிப்பு குறையும். தீர்ப்பு வந்த பிறகும் பணம் தானாக வராது. நிறைவேற்று மனு போட்டு வங்கிக் கணக்கை ஜப்தி செய்ய வேண்டியிருக்கலாம். கன்சல்டன்ட்டாக இருந்து உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் வைத்திருப்பவர், சிறுதொழில்களின் பில் பாக்கியை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலையும் யோசிக்கலாம்.

லேபர் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அது போதுமான அளவு தெரியாமல் கிடக்கிறது என்பது என் வருத்தம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே ஒரு மனு கொடுத்து எதிராளியை மக்கள் நீதிமன்றத்துக்கு அழைக்கச் சொல்லலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. எதிராளி வராமலே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் குறை. முதலாளியும் ஊர்க்காரர், முகத்தைப் பார்த்துப் பேசினால் கொடுப்பார் என்கிற மாதிரி தகராறுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

போலீஸ், கூகுள் ரிவ்யூ

சம்பளம் தரவில்லை என்று மட்டும் புகார் கொடுத்தால், "இது சிவில் விவகாரம்" என்று ஸ்டேஷனில் அனுப்பிவிடுவார்கள். ஒரு போன் போட்டு மிரட்டச் சொல்வது சிலருக்குப் பலித்திருக்கலாம். அதை வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாளைக்கு அதே போனை முதலாளி உங்களுக்குப் போடச் சொல்வார். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால், விடுதியில் அடைத்து வைத்தால், அடித்தால், அப்போது போலீஸுக்குப் போகத் தயங்காதீர்கள். பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டதும் குற்றம்தான். ஆனால் அதற்கு முதலில் பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர்ப்புத் தளத்தில் பதியுங்கள், வசூலிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.

கோபத்தில் லிங்க்டுஇன்னிலும் கூகுள் ரிவ்யூவிலும் எழுதுவதை, பணம் கைக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள். உண்மையையே எழுதினாலும், அவதூறு வழக்கு என்று எதிர்த்தரப்பு பேரம் பேச ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

மனுவில் விட்டுப்போகும் இரண்டு தொகையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முன்னால் வேலையை விட்டவருக்கு போனஸ் இல்லை என்பது தவறு. போனஸ் வரம்புக்குள் வரும் சம்பளக்காரர் அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே அவர் பங்குக்கு உரிமை உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். 5 ஆண்டு முடித்தவருக்கு கிராஜுவிட்டி: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை ஆண்டுகளால் பெருக்குங்கள். 30 நாளுக்குள் வர வேண்டும், தாமதத்துக்கு வட்டி உண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் புதிய சட்டத்தில் ஓராண்டே போதும். கிராஜுவிட்டிக்கு மனு வேறு, அதிகாரி வேறு. சம்பள மனுவோடு கலக்காதீர்கள்.

கம்பெனியே மூடிவிட்டால்

முதலில் அது என்ன வகை நிறுவனம் என்று பாருங்கள். தனி முதலாளியோ பங்குதாரர் நிறுவனமோ என்றால் கடையை மூடினாலும் கடன் அவர்கள் தலையில்தான்; மனுவில் அவர்கள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போடுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் பதிவு விலாசமும் நிலையும் பார்க்கலாம். பூட்டுத் தொங்கினாலும் கம்பெனி பதிவில் உயிரோடிருந்தால் லேபர் ஆபீஸ் மனுவைப் போடலாம், இயந்திரங்களை இரவோடிரவாக லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் போட வேண்டும்.

திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் மட்டும் எல்லாம் மாறும். தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் கம்பெனி மீதான வசூல் நடவடிக்கைகளுக்குத் தடை விழும். லேபர் ஆபீஸ் உத்தரவு கையில் இருந்தாலும் ஜப்தி செய்ய முடியாது. இந்த வழியைத் தனித் தொழிலாளி தானாகத் தொடங்கவும் முடியாது, ஏனென்றால் 2020 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச பாக்கி 1 கோடி ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். பலருடைய பாக்கியைச் சேர்த்து சங்கம் போகலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேறு யாரோ தொடங்கியிருந்தால் கம்பெனியை நடத்தத் தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு அதிகாரி பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பார். அந்த அறிவிப்பில் போட்ட தேதிக்குள் ஊழியர்களுக்கான டி படிவத்தைக் கணக்குத் தாளோடு அனுப்புங்கள். கம்பெனியைக் கலைத்து விற்கும்போது தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி, ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளோடு சமமாக நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்த படியில். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளில் உங்களுக்குச் சேர வேண்டியது அந்தச் சொத்துக் கணக்கிலேயே வராது, ஆகவே படிவத்தில் அதைத் தனித் தலைப்பில் எழுதுங்கள்.